யூ.சி. ஒருவழியாக ஏற்கப்பட்டது

மானியத்தின் கடைசித் தவணைக்கு அனுமதி ஆணை போன வாரம்தான் கைக்கு வந்தது. எரிச்சல் இன்னும் முழுக்க அடங்கவில்லை. தனியார் கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு, மத்திய அரசு மானியத்தில் ஓடும் தன்னாட்சி நிறுவனத்துக்கு நிதி அலுவலராக வருகிறவர்கள் இதைப் படித்தால் டெல்லி டிக்கெட் காசாவது மிச்சமாகும்.

தேர்வு, நேர்காணல், பணியில் சேர்ந்தது எல்லாம் சுமுகமாகவே முடிந்தது. உயிரை எடுத்தது முதல் வருடப் பயன்பாட்டுச் சான்றிதழ்தான், அதாவது வந்த மானியத்தை எப்படிச் செலவழித்தோம் என்று அமைச்சகத்துக்குக் கொடுக்கும் சான்று. அலுவலகத்தில் எல்லோருக்கும் அது யூ.சி.

பொது நிதி விதிகள் 2017இல் விதி 238ஐ முதலில் படித்துவிடுங்கள். போன ஆண்டு மானியத்துக்கான யூ.சி.யும் தணிக்கை முடிந்த கணக்கும் அமைச்சகத்துக்குப் போகாதவரை, இந்த ஆண்டு அனுமதித்த தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் விடமாட்டார்கள். மிச்சம் 25 சதவீதத்தில்தான் எங்கள் ஆட்களின் கடைசி மாதச் சம்பளங்கள் இருந்தன.

கம்பெனியில் ஒரு கணக்கில் குறைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட்டுச் சமாளிப்போம். இங்கே மானியமே மூன்று தலைப்பில், தனித்தனிக் குறியீட்டு எண்ணோடு வருகிறது: பொதுச் செலவு 31, மூலதனச் சொத்து உருவாக்கம் 35, சம்பளம் 36. 35இல் பணம் சும்மா தூங்கும், 31இல் மின்கட்டணம் கட்ட வழியிருக்காது. மேலிடத்து ஒப்புதல் இல்லாமல் கைவைத்தால் ஆடிட் பாரா, அதாவது தணிக்கை அறிக்கையில் ஆட்சேபக் குறிப்பு, தேடி வரும். செலவை மிச்சப்படுத்தினால் பாராட்டுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மிச்சமான தொகையை அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார்கள், ஏன் செலவழிக்கவில்லை என்று விளக்கமும் கேட்பார்கள்.

எனக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போன கோப்பில் யூ.சி.க்கான பழைய 19-ஏ படிவத்தின் நகல்கள்தான் இருந்தன. 2017 விதிகளில் எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு 12-ஏ படிவம். அதில் ஆரம்ப இருப்பு, அதற்கு வந்த வட்டி, அரசுக்குத் திருப்பிக் கட்டிய வட்டி என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. மானியத்துக்கு வங்கி தரும் வட்டி நம்முடையதல்ல. கணக்கு முடிந்ததும் அது இந்தியத் தொகுநிதிக்குப் போயாக வேண்டும், விதி 230(8). எங்கள் கோப்பில் அது கட்டியதற்கான சுவடே இல்லை. மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளத்தில் நான்தான் கட்டினேன். அங்கே அமைச்சகத்தையும் ஊதியக் கணக்கு அலுவலகத்தையும் தேர்ந்தெடுக்கும்போது அனுமதி ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போன பணத்தைச் சரிசெய்வது தனி வனவாசம்.

அதோடு முடிந்தது என்று யூ.சி.யை அனுப்பினேன். அமைச்சகத்தில் எங்கள் கோப்பைப் பார்க்கும் பிரிவிலிருந்து ஆட்சேபம் வந்தது. பதில் போட்டால் வேறொரு ஆட்சேபம். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. கடைசியில் வந்து நின்றது வட்டி. தணிக்கை முடிந்த கணக்கில் ஒரு தொகை, பாரத்கோஷ் ரசீதில் அதைவிடக் குறைவு. காரணம் எளிது. வைப்புத்தொகைக்கு மார்ச் 31 வரை சேர்ந்த வட்டியை, கைக்கு வராவிட்டாலும், ஆடிட்டர் வருமானத்தில் காட்டுவார். வங்கி இன்னும் தராத பணத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கட்டுவது?

போனில் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. மூலப் பிரதிகளோடு டெல்லிக்கே போனேன். கோப்பைப் பார்க்கும் உதவியாளர் விடுப்பில். பக்கத்து மேசைக்காரர், "அவர் வந்தால்தான்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் வந்த பிறகு மறுபடி போனேன். ரசீதின் மேல் பென்சிலால் ஒரு வட்டம், தணிக்கைக் கணக்கில் ஒரு வட்டம். "ரெண்டும் ஒண்ணா இருக்கணும் சார்." அவ்வளவுதான் பேச்சு. தேய்மானமே தெரியாதவரிடம் சேர்ந்த வட்டியை விளக்கி நான் களைத்ததுதான் மிச்சம்.

அதே மாடியில் நிதிப் பிரிவில் ஒரு அதிகாரியைப் பார்க்க வாய்த்தது. ரெண்டு தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒத்திசைவுப் பட்டியல் ஒன்று வைத்து, ஆடிட்டர் கையெழுத்தோடு கொடுங்கள்" என்றார். ஒரே பக்கம்தான்: தணிக்கைக் கணக்கின் வட்டி, அதில் மார்ச் 31 அன்று வரவேண்டியதைக் கழித்து, போன ஆண்டு வரவேண்டியிருந்து இந்த ஆண்டு கைக்கு வந்ததைக் கூட்டினால் ரசீதுத் தொகை. பைசா பிசகாமல் வந்தது. அந்தத் தாளை வைத்தபோது உதவியாளர், "இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். யூ.சி. போகும் முதல் நாளே இந்தப் பட்டியலைச் சேர்த்து அனுப்பிவிடுங்கள், யாரும் கேட்கக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, கட்டட வேலைக்காக அரசு முகமைக்குக் கொடுத்த முன்பணம். எங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்பதற்காக அது செலவாகிவிடாது. முகமை எவ்வளவு செலவழித்தது என்ற கணக்கை எழுத்தில் தந்தால்தான் யூ.சி.யில் செலவாக ஏறும். அதை ஏப்ரலிலேயே கேட்கத் தொடங்குங்கள். ஜூனில் கேட்டால் இன்ஜினியர் மாற்றலாகிப் போயிருப்பார்.

அப்புறம் ஒரு வேடிக்கை. தவணை வந்தது மார்ச்சில். நிலுவைச் சம்பளம், பில்கள் எல்லாம் ஒரே மூச்சில் கொடுத்தோம். ஆண்டுக் கடைசியில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்கு மீறல் என்கிறது விதி 62(3), அதை மேற்கோள் காட்டி அதே பிரிவிலிருந்து விளக்கம் கேட்டு நேற்று ஒரு கடிதம். யூ.சி. அனுப்பிய தேதி, ஒவ்வொரு ஆட்சேபமும் வந்த தேதி, ஆணை வந்த தேதி, இவற்றை ஒரு அட்டவணையாகப் போட்டுப் பதில் தயார் செய்துவிட்டேன். திங்கட்கிழமை போகிறது.