மதில நம்பின தெரு

உலகம் அழியுற கதைன்னாலே ஒத்த ஆளு, கையில துப்பாக்கி, பங்கர் நிறைய டின் சாப்பாடு, இதான் டெம்ப்ளேட். அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1993ல எழுதின 'பேரபிள் ஆஃப் த சோவர்' நாவல் அந்த ரகமே இல்ல. கதை தொடங்குறது 2024ல, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல ரொப்லேடோன்னு ஒரு கற்பனை ஊரு, ஒரு தெருவ சுத்தி மதில் கட்டிக்கிட்டு உள்ள கொஞ்சம் குடும்பங்க. வெளிய பெட்ரோல விட தண்ணி விலை ஜாஸ்தி, போலீஸ கூப்பிட்டா அதுக்கும் காசு. அப்பவே எப்படி கரெக்டா சொன்னாங்க பாருன்னு எல்லாரும் இதையே பேசுறாங்க, எனக்கு அது ரெண்டாம்பட்சம்தான்.

எனக்கு முக்கியம் லாரன்னு அந்த 15 வயசு பொண்ணு. பாஸ்டர் மக. இந்த மதில் ஒருநாள் நிக்காது, காட்டுல எத திங்கலாம் எப்படி பொழைக்கலாம்னு இப்பவே படிச்சு வைப்போம்டின்னு தோழிகிட்ட சொல்றா. அவ நேரா போய் அம்மாகிட்ட போட்டுக்குடுத்து, விஷயம் லாரனோட அப்பா காதுக்கு வந்துடுது. அவர் திட்டுறார், ஆனா மூடிட்டு இருன்னு சொல்லல, ஜனங்கள பயமுறுத்தாத, சொல்லிக்குடுன்னு சொல்றார். கொஞ்ச நாள்ல தெருவுல ராத்திரி ரோந்து ஆரம்பிக்குது. டிசாஸ்டர் மேனேஜ்மென்ட்னு பக்கம் பக்கமா எழுதுறவங்க இந்த ஒரு சீன படிக்கலாம்.

இவ தனியா தலையணை உறையில ஒரு மூட்டையும் கட்டி வைக்கிறா. கோடாலி, ரெண்டு சின்ன பாத்திரம், தீப்பெட்டி, சோப்பு, ஊசி நூல், ஓக் கொட்டை மாவு, சேத்து வச்ச காசு, அப்புறம் நடுறதுக்கு விதை. உசுர புடிச்சுக்கிட்டு ஓடப்போறவ விதைய எடுத்து வைக்கிறான்னா எங்கயோ போய் நின்னு பயிர் வைக்கப்போறோம்னு முடிவே பண்ணிட்டா இல்ல?

2027ல மதில உடைச்சு தெருவையே கொளுத்திடுறாங்க. மூட்டை உதவுது, இல்லன்னு சொல்லல, ஆனா கலிஃபோர்னியாவோட 101 ஹைவேல வடக்க பாத்து நடக்கும்போது அத விட உதவுறது கூட வர்ற ஸாரா. அந்த தெருவுல ஒருத்தனுக்கு மூணாவது பொண்டாட்டியா இருந்தவ, வெளிய ரோட்டுல வளந்தவ, திருடவும் தெரியும் ஆள எட போடவும் தெரியும். புத்தகத்துல இல்லாத பாடம் எல்லாம் அவகிட்ட இருக்கு. போகப்போக கைக்குழந்தையோட ஒரு ஜோடி, அப்புறம் இன்னும் ஆளுங்க, ஒவ்வொருத்தர சேக்கும்போதும் இவன நம்பி தூங்கலாமான்னு ஒரு கணக்கு, ராத்திரி மாத்தி மாத்தி காவல்.

ஒரே குறை, குழுவுல சேர்ற டாக்டர் பாங்கோலேவுக்கு வடக்க ரெடியா நிலம் இருக்கறது. கொஞ்சம் வசதியா அமைஞ்ச மாதிரிதான் இருக்கு, அங்க போனா வீடு எரிஞ்சு கெடக்குங்கறது வேற. அந்த இடத்துலதான் ஏகார்ன்னு ஊர் போடுறாங்க. 1998ல வந்த ரெண்டாம் பாகத்துல அந்த ஊரையும் புடுங்கிடுறாங்க, அத தனி போஸ்டா எழுதணும், இங்க ஆரம்பிச்சா நிக்காது.