மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு மேலெல்லாம் வலி. காங்கேயத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், சத்து ஊசி போட்டார்கள். கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய் ஸ்கேனும் எடுத்தோம். ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ஆனால் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எருமைக்குத் தண்ணீர் காட்டுவதுகூட மலையைப் புரட்டுவதாக ஆகிவிட்டது.

வழி திறந்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில். ரத்த அழுத்தம் பார்த்த செவிலியர், கடந்த இரண்டு வாரங்களாகத் தூக்கம் எப்படி, எதிலாவது நாட்டம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார். மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய மொத்தம் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, "தோன்றாத நாளே இல்லை கண்ணு" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கு அப்போதுதான் தெரியும். செவிலியர் பதறவில்லை. நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அம்மா" என்றார். அந்தச் செவிலியரை எங்கள் குடும்பம் மறக்காது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வரும் நாளில் போய்ப் பார்த்தோம். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை எழுதினார். இந்த மருந்தில் தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். குமட்டல் உடனே தொடங்கிவிடும். மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பலர் மருந்தை விட்டுவிடுவது இந்த இடைவெளியில்தான். அம்மாவும் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார். நல்ல வேளையாக மனநல ஆலோசகர் தாமாகவே போனில் அழைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: சாயங்காலப் பாலை அம்மாவே சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். மனசு வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம், போகப் போக மனசு வரும் என்றார். அடுத்த அழைப்பில் அவர் முதலில் விசாரித்ததும் பாலைத்தான்.

கோவாவில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களில் நோயாளிகளை இப்படித் தொடர்ந்து விசாரிக்க வைத்த ஆய்வு 2010-இல் லான்செட் இதழில் வெளியானது. அரசு நிலையங்களில் நல்ல பலன் தெரிந்தது. எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்த எனக்கு அதில் வியப்பில்லை.

நடுவில் ஒரு ராத்திரி அம்மாவின் அழுகை நிற்கவே இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தேன். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். விடியும்வரை தாக்குப்பிடிக்க அந்தப் பேச்சு உதவியது.

இப்போது அம்மா தூங்குகிறார். தேறிய பிறகும் ஆறு மாதமாவது மருந்தை நிறுத்தக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. ரத்த அழுத்த மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே பையில் மனச்சோர்வு மாத்திரையும் வரட்டும்; கொண்டுவருபவர், "தூக்கம் எப்படி இருக்கிறது அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டு போகட்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன்.