முப்பது மீட்டருக்கு ஒரு பலகை

"ஓடைக்கரையில நீங்க நடுற பலகைக்கு அனுமதி வேண்டாம். என் கடை வாசல்ல நான் வைக்கிற பலகைக்கு மட்டும் வேணுமா சார்?"

உள்ளாட்சி மன்றத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில், விதி வரைவுகளை எழுதிய எங்களிடம் ஒரு கடைக்காரர் கேட்ட கேள்வி. இரண்டு வரைவுகளும் ஒரே நாளில் மேசைக்கு வந்ததால்தான் அது எழுந்தது. ஓடைப் பாதுகாப்பு வரைவு, காப்புப் பட்டையின், அதாவது ஓடைக்கரையை ஒட்டி வெட்டாமல், கட்டாமல் விடவேண்டிய நிலத்தின், வெளி எல்லையில் அடையாளப் பலகை கட்டாயம் என்றது. விளம்பரப் பலகை வரைவு, அனுமதி பெறாமல் யாரும் எங்கும் பலகை நடக்கூடாது என்றது. தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் குறையில்லை. சேர்த்துப் படித்தவர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான்.

அடையாளப் பலகையை ஏன் விட முடியவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காப்புப் பட்டை அழிவது பெரும்பாலும் பேராசையால் அல்ல, எல்லை கண்ணுக்குத் தெரியாததால். வீட்டுக்காரர் புல்லை வெட்டிக்கொண்டே கரை வரை போவார். அடுத்தவர் குப்பையை அங்கே கொட்டுவார். வீடு கைமாறும், வாங்கியவருக்கு வரைபடத்தில் அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது. ஐந்தாறு வருடத்தில் அங்கே ஒரு கொட்டகை நிற்கும். அதை இடிக்கச் சொல்லும் கடிதத்தை எழுதுவதைவிட, தொடக்கத்திலேயே ஒரு கம்பம் நடுவது எல்லாருக்கும் மலிவு.

நடுவதற்கும் வரிசை உண்டு. சர்வேயர் கரையின் மேல்விளிம்பைக் குறிக்க வேண்டும். அங்கிருந்து பட்டையின் அகலத்தை அளந்து முளை அடிக்க வேண்டும். முளையை ஒட்டித் தற்காலிக வேலி, அதற்குப் பிறகுதான் ஜேசிபி உள்ளே வரலாம். வரிசை மாறினால், அதாவது மண் வேலை முடிந்த பிறகு முளை அடித்தால், சர்வேயர் அளப்பது கரையை அல்ல, ஜேசிபி விட்டுவைத்ததை. நிரந்தரப் பலகை ஒவ்வொரு மனை எல்லையிலும், எல்லைக்கோடு திரும்பும் ஒவ்வொரு முனையிலும் வேண்டும். நேராகப் போகிற இடத்தில் 30 மீட்டருக்கு ஒன்று. ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குக் கீழே போனால் புல் மறைத்துவிடும்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் ஓடை விதிகள் அதிகம் சறுக்குகின்றன. ஓடையின் நடுக்கோட்டிலிருந்து அளப்பது வரைபடத்தில் சுலபம். ஆனால் ஓடை 10 மீட்டர் அகலம் என்றால், 15 மீட்டர் பட்டையில் 5 மீட்டர் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். தண்ணீர் விளிம்பிலிருந்து என்றால் கோடைக்கு ஓர் எல்லை, மழைக்காலத்துக்கு வேறோர் எல்லை. கரையின் மேல்விளிம்பு ஓரளவு நிலையானது. ஆனால் சமதளத்தில் ஓடும் ஓடைக்கு மேல்விளிம்பு என்று தெளிவாக ஒன்று இருக்காது. அதற்கு மாற்று வாசகம் வேண்டும்: வழக்கமான வெள்ளம் சருகும் குச்சியும் ஒதுக்கிய கோடு, தாவரம் மாறும் இடம், வேர்களில் படிந்த கறை. கரை அரித்துப் பின்வாங்கினால் எல்லையும் பின்வாங்குமா? புதிய கட்டுமானத்துக்கு ஆம் என்று எழுதினோம், பழையவை அப்படியே நிற்கலாம். பலகை மட்டும் நட்ட இடத்திலேயே இருக்கும். ஆகவே சில வருடத்தில் விதி ஓரிடத்தையும் பலகை ஓரிடத்தையும் காட்டத் தொடங்கும். இதைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

அகலத்தைப் பற்றியும் பெரிதாகக் கேட்கவில்லை. சிறு ஓடைகளுக்கு, தண்ணீரின் வெப்பம், கரையின் உறுதி, பூச்சிகள், மீன்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 30 மீட்டராவது வேண்டும் என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது. நிழலுக்கு மட்டும் என்றால் குறைவாகவும் போதும். உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேரும் நைட்ரேட் கழிவதோ அகலத்தை மட்டும் பொறுத்ததல்ல, நிலத்தடி நீர் வேர்மண்டலம் வழியாகப் போகிறதா, அதற்கும் கீழே போகிறதா என்பதையும் பொறுத்தது. ஆனால் மழைநீர்க் குழாய் ஒன்று பட்டையைக் கடந்து நேரே ஓடையில் விழுந்தால், 30 மீட்டரும் 3 மீட்டரும் ஒன்றுதான். குழாய் பட்டைக்கு வெளியிலேயே முடிய வேண்டும், தண்ணீர் மட்டமான விளிம்பின் மேல் பரவி மெல்லிய படலமாக உள்ளே போக வேண்டும் என்ற அந்த ஒரு பத்தி, முழு வரைவிலும் பாதி வேலையைச் செய்கிறது. அது ஒரு கேள்வியும் இல்லாமல் நிறைவேறியது. மீதி நேரம் முழுக்கப் பலகையைப் பற்றித்தான். ஓடை எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் இல்லை, பலகை எல்லார் கடைக்கு முன்னாலும் இருக்கிறது. வியக்க ஒன்றுமில்லை.

கேள்விக்கு வருவோம். அதற்கு உடனடியாக மூன்று பதில்கள் கைவசம் இருந்தன. முதலாவது: அது அரசு வைக்கும் பலகை, அரசு தன் இடத்தில் தான் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். ஆனால் பட்டையின் பெரும்பகுதி தனியார் நிலம், நடப்போகிறவரும் நில உரிமையாளர்தான். இரண்டாவது: இது பாதுகாப்புப் பலகை. பள்ளம், உயர் மின்னழுத்தம் போன்றவற்றுக்குப் பொருந்தும் வாதம் புல் வெட்டாதே என்பதற்குப் பொருந்தாது. மூன்றாவது: சுற்றுச்சூழல் அறிவிப்புகளுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்ப்பது. எழுத மிக எளிதானது இதுதான், ஆபத்தானதும் இதுதான்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் கில்பர்ட் நகரம் இந்த வழியில்தான் போனது. கொள்கைக் கருத்துப் பலகைக்கு 20 சதுர அடி வரை, தேர்தல் பலகைக்கு வீட்டு மனையில் 16 சதுர அடி வரை, நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகைக்கு 6 சதுர அடி. அதுவும் நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பு வைத்து, முடிந்த ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சிறு தேவாலயம் வழக்குப் போட்டது. 2015-ல் உச்ச நீதிமன்றம், பலகை என்ன சொல்கிறது என்பதை வைத்து விதி மாறுகிறது என்று கூறி அந்த விதிகளை ரத்து செய்தது. முடிவில் ஒன்பது நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள், காரணத்தில் இல்லை. மறைவான வாகன வாசலை எச்சரிக்கும் பலகை போன்ற தீங்கில்லாத விலக்குகளும் இப்படியே விழுந்துவிடுமே என்று நீதிபதி கேகன் தனியாக எழுதினார். எங்கள் ஓடைப் பலகையும் அந்த வகைதான்.

அந்தத் தீர்ப்பு மற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அது தொட்ட சிக்கல் எல்லா ஊருக்கும் பொது. பலகையைப் படித்துப் பார்த்து, இது நல்ல செய்தி, இது விளம்பரம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைக் களத்தில் நிற்கும் ஓர் அலுவலரிடம் கொடுத்தால், அவருக்குப் பிடித்த பலகை நிற்கும், பிடிக்காதது விழும். எனவே அளவை வைத்து எழுதுவது என்று முடிவானது: 1 சதுர அடிக்கு மேற்படாத, 1.2 மீட்டர் உயரத்துக்கு மேற்படாத, விளக்கு இல்லாத பலகை, மனை எல்லையில் 30 மீட்டருக்கு ஒன்று வீதம், எதைச் சொன்னாலும் அனுமதி தேவையில்லை. அளவை வைத்து எழுதினால் நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்தைக் காட்டலாம். 2007-ல் நடைமுறைக்கு வந்த விதியில், முகப்பு 10 மீட்டருக்குக் குறைவான கடைக்கு 1.5 சதுர மீட்டர், அதற்கு மேல் 100 மீட்டர் வரை 4 சதுர மீட்டர். டேப்பை எடுத்து அளந்தால் முடிந்தது.

"உங்களுக்கும் அதே விதிதான் ஐயா, ஒரு சதுர அடின்னா நீங்களும் வைக்கலாம்" என்று கடைக்காரருக்குப் பதில் சொல்லப்பட்டது. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தலையாட்டலைத்தான் இன்னும் தள்ளிவைக்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பலகை எழுத்து படிக்கக்கூடியதாக இருக்க, 10 மீட்டர் தூரத்துக்குச் சுமார் 2.8 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 1 சதுர அடி என்றால் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் எழுத்தில் இரண்டு மூன்று வரி போடலாம். 18 மீட்டருக்குள் வந்தால்தான் படிக்க முடியும். ஓடையோரம் நடந்து வருபவருக்குத் தாராளம். 40 கிலோமீட்டர் வேகத்தில் கடைவீதியில் போகிறவர் அந்த 18 மீட்டரை இரண்டு விநாடிக்குள் கடந்துவிடுவார். ஆக விதியின் வாசகம் இருவருக்கும் ஒன்று, பயன் ஒருவருக்கு மட்டும். அந்த 1 சதுர அடி தானாக வந்து விழுந்த எண் அல்ல. அடையாளப் பலகையை அளந்துவிட்டு எழுதிய எண்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று வாதிட முடியும். எந்த அளவு வைத்தாலும் அது யாருக்கோ பொருந்தும், யாருக்கோ பொருந்தாது. கடைக்காரருக்கு அனுமதி பெற்றுப் பெரிய பலகை வைக்கும் வழி திறந்தேதான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது அளவைப் பற்றி அல்ல. ஒரே செயலைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் மனு, கட்டணம், காத்திருப்பு என்று கேட்டார். அதற்கு நேர்மையான பதில், ஓடை முக்கியம் என்று மன்றம் கருதுகிறது என்பதுதான். அதைச் சொன்னால், செய்தியைப் பார்த்து விதி மாறுகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்னொன்றும் உறுத்துகிறது. பலகையைப் படிக்க வேண்டியிருந்தாலே அது உள்ளடக்கத்தை வைத்த விதி என்பது அளவுக்கு மீறிய வாதம் என்று அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-ல் ஆஸ்டின் நகர வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியானால் அளவை வைத்து எழுதும் அந்தச் சுற்றுவழி தேவைதானா? தேவை என்றே இன்றும் நினைக்கிறேன். காரணம் நீதிமன்றம் அல்ல, களத்தில் நிற்கும் அந்த அலுவலர்.

சுற்றுவழிக்கு விலையும் உண்டு. எதைச் சொன்னாலும் சரி என்று எழுதிவிட்டால் எதையும் சொல்வார்கள். ஓடையோரம் நடைபாதை இருக்கும் இடத்தில் டியூஷன், வாடகைக்கு வீடு, தண்ணீர் கேன் என்று ஒரு சதுர அடிப் பலகைகள் முளைக்கும், எல்லாம் விதிப்படியே. 30 மீட்டருக்கு ஒன்று என்ற இடத்தை அவை பிடித்துக்கொண்டால் எல்லைப் பலகைக்கு இடமிருக்காது. அதைச் சரிசெய்ய, சட்டப்படி கட்டாயமான பலகைகள் இந்த எண்ணிக்கையில் சேராது என்று ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. பின்வாசல் வழியாக அதே விலக்கு. எழுத்தே இல்லாத வண்ணக் கம்பமாக நட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. எழுத்தில்லாத கம்பத்தைப் பார்த்து யாரும் புல் வெட்டுவதை நிறுத்தப் போவதில்லை.

இப்போது திருத்தம் பற்றிப் பேச்சு இருக்கிறது. 1 சதுர அடியை எல்லா இடத்திலும் 3 ஆக்கலாம் என்கிறார்கள். பக்கத்துக்கு 53 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் எழுத்து, 36 மீட்டர் தூரம், மூன்று விநாடி. கடைப்பெயரைப் படிக்கப் போதும். ஆனால் ஓடைக்கரை நெடுக அந்த அளவில் பலகை நிற்பதை நான் விரும்பவில்லை. கடைவீதிக்கு 3, ஓடையோரத்துக்கு 1 என்று இடத்தை வைத்துப் பிரிக்கலாம், அது செய்தியை வைத்துப் பிரிப்பதாகாது. அந்த வாசகத்தைத்தான் வரைவில் சேர்த்திருக்கிறேன். எந்தத் தெரு கடைவீதி, எது இல்லை என்ற பட்டியலை இணைப்பாகச் சேர்க்க வேண்டும். கடைவீதிப் பாலத்துக்கு அடியிலேயே ஓடை போகும் இரண்டு இடங்களை எதில் சேர்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.