பெயரை மாற்றினால் பறவை மாற வேண்டும்

ஜனவரி 4, 2025, சனி

விடியற்காலையிலேயே வேடந்தாங்கல் போய்விட்டேன். கரையில் நின்றாலே போதும், ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்கள் முழுக்கப் பறவைகள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத் தாரா, வக்கா. நல்ல வெளிச்சத்தில் பத்துப் பறவைகள் தெளிவாகக் கிடைத்தன.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவற்றின் பெயர்கள் தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வேடந்தாங்கல் 2022-ல் ராம்சார் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் 'கொக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எக்செலில் ஒரு அட்டை செய்யப் போகிறேன். பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் அந்தப் பறவையின் படம் வரவேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

வீட்டு மடிக்கணினியில் இருப்பது மைக்ரோசாஃப்ட் 365. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. படத்தைச் செருகும்போது 'பிளேஸ் இன் செல்' என்று கொடுத்தால் படம் செல்லுக்கு உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. எழுத்தும் எண்ணும் போல அதுவும் செல்லின் மதிப்பாகிவிடுவதால், பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் ஃபங்ஷனைப் போட்டால் பெயருக்கு உரிய படம் வந்து நிற்கிறது. மூக்கன், நாரை, தாரா என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 6, திங்கள்

பள்ளிக் கணினியில் படமே வரவில்லை. அங்கே இருப்பது எக்செல் 2013. அதில் எக்ஸ்லுக்கப்பும் கிடையாது, செல்லுக்குள் படம் வைக்கும் வசதியும் கிடையாது. இமேஜ் என்ற ஃபங்ஷனும் புதிய எக்செலில்தான் உண்டு. அதற்கு இணைய முகவரியில் இருக்கும் படம் வேறு வேண்டும், எங்கள் அறையிலோ இணையம் இல்லை. பழைய வழியைத்தான் பிடிக்க வேண்டும்.

ஜனவரி 8, புதன்

இன்று முழுதாகப் புரிந்தது. பின்னால் மறந்துவிடாமல் இருக்க விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

பழைய எக்செலில் படம் செல்லுக்குள் இருப்பதில்லை, ஷீட்டின் மேல் மிதக்கிறது. அதனால் எந்த ஃபார்முலாவாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் 'லிங்க்டு பிக்சர்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு செல்லை காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் அதைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் செல் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே வேறோர் இடத்தில் தெரியும். செல்லின் மேல் மிதக்கும் படமும் சேர்ந்தே வரும். கேமராவை ஒரு செல்லை நோக்கி வைத்த மாதிரி. இதே வேலையைச் செய்யும் கருவிக்கு எக்செலில் 'கேமரா' என்றே பெயர்.

ஆக, படத்தைத் தூக்கிவர வேண்டியதில்லை. கேமரா எந்தச் செல்லைப் பார்க்கிறது என்பதை மாற்றினால் போதும்.

'படங்கள்' ஷீட்டில் முதல் நிரலில் பெயர்கள், இரண்டாவதில் படங்கள். ஒவ்வொரு படமும் அதன் செல்லுக்குள் முழுதாக அடங்கும்படி நிரையின் உயரத்தைக் கூட்டினேன். பிறகு ஃபார்முலாஸ் பகுதியில் நேம் மேனேஜரைத் திறந்து, 'பறவை' என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் உருவாக்கி, அது சுட்டும் இடத்தில் இதைக் கொடுத்தேன்:

=இண்டெக்ஸ்(படங்கள்!$பி$2:$பி$12, மேட்ச்(அட்டை!$பி$2, படங்கள்!$ஏ$2:$ஏ$12, 0))

அட்டையின் பி2-வில் இருக்கும் பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று மேட்ச் சொல்கிறது. அந்த நிரையில் இருக்கும் படச் செல்லை இண்டெக்ஸ் சுட்டுகிறது. கடைசியாக, அட்டையில் ஒட்டிய லிங்க்டு பிக்சரைச் சொடுக்கி, ஃபார்முலா பட்டையில் இருக்கும் செல் முகவரியை அழித்துவிட்டு சமக்குறியும் அந்தப் பெயரும் போட வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

நேற்று இரவு இரண்டு மணி நேரம் எங்கே போனது என்று எழுத விட்டுவிட்டேன். முதலில் இண்டெக்ஸுக்குப் பதில் எனக்குப் பழக்கமான விலுக்கப்பைத்தான் போட்டிருந்தேன். 'ரெஃபரன்ஸ் சரியில்லை' என்றே திரும்பத் திரும்ப வந்தது. விலுக்கப் திருப்பித் தருவது செல்லில் இருக்கும் மதிப்பை. இண்டெக்ஸ் தருவது செல்லையே. கேமராவுக்கு வேண்டியது முகவரி, மதிப்பை வைத்துக்கொண்டு அது எங்கே திரும்பும்?

அதே பிழை இன்னொரு தடவையும் வந்தது. இண்டெக்ஸ் ஃபார்முலாவை நேராகப் படத்தின் ஃபார்முலா பட்டையில் எழுதிப் பார்த்தேன், ஏற்கவில்லை. நேம் மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஜனவரி 11, சனி

சில்லறை வேலைகள். படத்தைச் சுற்றி செல்லின் கோடுகளும் தெரிந்தன, 'படங்கள்' ஷீட்டில் கிரிட்லைன்ஸை எடுத்துவிட்டேன். பாம்புத் தாராவுக்கு மட்டும் படம் வரவே இல்லை. பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். இனி யாரும் தட்டச்சு செய்ய வேண்டாம் என்று டேட்டா வாலிடேஷனில் பட்டியலாகவே கொடுத்துவிட்டேன். படங்களையும் கம்ப்ரஸ் செய்தாயிற்று, அந்தக் கணினி பாவம்.

அப்புறம், பி2 காலியாக இருந்தால் என்ன செய்வது? பட்டியலின் கடைசி நிரையில், பன்னிரண்டாவதில், கேள்விக்குறிப் படம் ஒன்று வைத்தேன். மேட்ச் பகுதியை மட்டும், பிழை வந்தால் அதற்குப் பதில் நாம் சொல்வதைத் தரும் இஃப்எரருக்குள் போட்டு, கிடைக்காவிட்டால் 11 என்றேன். அதாவது பதினோராவது படம்.

ஜனவரி 12, ஞாயிறு

மதிப்பெண்ணுக்கும் ஒரு படம் செய்தேன். பத்துக் கேள்விகளில் நான்குக்குக் கீழே என்றால் முட்டை, நான்கு முதல் ஏழு வரை குஞ்சு, எட்டிலிருந்து பறக்கும் நாரை. 0, 4, 8 என்று ஏறுவரிசையில் மூன்றே எண்கள் போதும். மேட்சின் கடைசியில் 0-க்குப் பதில் 1 கொடுத்தால், மதிப்பெண்ணைத் தாண்டாத பெரிய எண்ணைத் தானே பிடித்துக்கொள்கிறது. முட்டை வாங்கினாலும் பிள்ளை முகம் வாடக்கூடாது. முட்டையிலிருந்துதானே எல்லா நாரையும் வருகிறது!

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் மவுஸ் என் கையில் இல்லை.

நத்தைகுத்தி நாரையில் நின்றுவிட்டார்கள். "மிஸ், இதுக்கு வாய் மூடவே மூடாதா?" என்று ஒருத்தி கேட்டாள். நுனி மூடும், நடுவில்தான் இடைவெளி. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளியும் இருக்காது, வளர வளரத்தான் வரும். அதைச் சொன்னதும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்கள். சங்குவளை நாரைக்கு மாற்றுவது, திரும்ப நத்தைகுத்திக்கு வருவது, இப்படியே பத்துத் தடவை. இரண்டு மூக்குக்கும் என்ன வித்தியாசம் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அப்பாவின் போனில் மடையான் படம் எடுத்து வந்திருந்தான். அவர்கள் வயல் வரப்பில் நின்றதாம். தூரத்திலிருந்து எடுத்தது, கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் மடையான் என்று சரியாகச் சொன்னான், கொக்கு என்று சொல்லவில்லை.

கேள்விக்குறி நிரைக்கு மேலே ஒரு நிரை செருகி அதைச் சேர்த்தோம். இண்டெக்ஸ் பார்க்கும் எல்லை தானாகவே பி13 வரை நீண்டது. ஆனால் பி2-வைக் காலி செய்தால் கேள்விக்குறிக்குப் பதில் மடையான் வந்து நின்றது. நான் 11 என்று எண்ணாகவே எழுதிவைத்திருந்தேன், இப்போது பதினோராவது படம் அவனுடையது. அந்த 11-ஐ எடுத்துவிட்டு, பட்டியலில் எத்தனை நிரை என்று எண்ணிச் சொல்லும் ரோஸ் ஃபங்ஷனைப் போட்டேன். கேள்விக்குறி அதன் இடத்துக்குத் திரும்பியது.

நாளைக்கு இரண்டு பேர் மீன்கொத்தி கொண்டுவருகிறார்களாம்.