மேக்கப் தாமதமானால் போட்டோவுக்கு என்ன ஆகும்?

கல்யாண போட்டோ எடுக்க என்னிடம் பேச வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். நான் முதலில் கேட்பது, "மேக்கப் எத்தனை மணிக்கு முடியும்?" என்று. சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இத்தனை வருட வேலையில் நல்ல ஆல்பத்தையும் சுமாரான ஆல்பத்தையும் பிரித்தது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

கல்யாண நாளில் தாமதம் ஆகத்தான் செய்யும். சடங்கு நேரத்தைத் தள்ளிப்போட முடியாது, வந்தவர்களைப் பசியோடு காக்கவைக்கவும் முடியாது. தாமதமானால் சுருங்கக்கூடியது ஒன்றே ஒன்று, மணமக்கள் இருவரையும் தனியாக எடுப்பதற்கு ஒதுக்கிய நேரம். காலையில் மேக்கப் அறையில் போன முக்கால் மணி நேரம் அங்கேயிருந்துதான் கழியும். அவசரத்தில் நிற்கும்போது முகத்தில் அது தெரியும். தோள் இறுகியிருக்கும், கண் வேறு எங்கோ போகும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அதனால் மேக்கப் செய்பவரிடம் நேராகவே பேசி, உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் அரை மணி நேரம் சேர்த்துப் போடுங்கள். தாமதம் ஆகவில்லை என்றால் மணமகள் அந்த அரை மணி நேரம் நிம்மதியாக உட்காரட்டும். அந்த நேரத்தில் கிடைக்கும் படங்கள் தனி அழகு.

தயாராகும் அறையைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். பெரிய அறை தேவையில்லை, பெரிய ஜன்னல் இருந்தால் போதும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சம், மறுபக்கம் கண்ணாடியைச் சுற்றி மஞ்சள் பல்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்த முகத்தைப் படத்தில் பாருங்கள். ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் ஆரஞ்சு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வோம். மஞ்சள் பல்பு சுமார் 3000 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5500. ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவில் வைக்கும் அளவை, இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒத்துவரும்படி வைக்க முடியும். பல்பை அணைத்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினால் பிரச்சினை தீர்ந்தது. மேக்கப் போடுபவருக்கும் நிறம் சரியாகத் தெரியும். அப்புறம் பைகள், பிளாஸ்டிக் கவர்கள், சார்ஜர் ஒயர்கள் எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட வேண்டும். முகத்தைப் பார்க்கும்போது நம் கண் இவற்றைக் கவனிப்பதில்லை, கேமரா ஒன்றையும் விடாது.

வெளியில் எடுப்பதாக இருந்தால், கல்யாணத் தேதியில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைப் போடுவேன். மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்து வெளிச்சம் சாய்ந்து, மென்மையாக, முகத்துக்கு இதமாக விழும். இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் சட்டென்று இறங்கிவிடும். துருவங்களை நோக்கிப் போகப் போக, கோடையில் அந்த வெளிச்சம் நெடுநேரம் தங்கும். மேற்கே உயரமான கட்டடம் இருந்தால் அரை மணி நேரம் முன்னதாகவே நிழல் விழுந்துவிடும் என்பதால், அதே நேரத்துக்கு ஒருமுறை இடத்தைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. உச்சி வெயிலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் நிழலுக்குப் போய்விடுங்கள். தலைக்கு மேல் வெயில் இருந்தால் கண்குழியில் கருப்புதான் விழும்.

மேடை விளக்கு விஷயத்தில் கெஞ்சிக்கூடக் கேட்பேன். ஊதாவும் நீலமும் நேரில் பிரமாதமாக இருக்கும். ஆனால் முகத்தில் வெறும் நீல ஒளி மட்டுமே விழும்போது, சருமத்தின் சிவப்பையும் மஞ்சளையும் கேமரா பதிவதே இல்லை. பதியாததை எடிட்டிங்கில் எங்கிருந்து கொண்டுவருவது? முக்கியமான சடங்கு முடியும்வரை வெள்ளை வெளிச்சம் போதும், ஆட்டம் பாட்டத்துக்கு எந்த வண்ணம் வேண்டுமானாலும் வரட்டும். இதை லைட்டிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மறுக்காமல் செய்துகொடுப்பார். மேடையேறிய பிறகு சொன்னால் யாருக்கும் காது கேட்காது.

குரூப் போட்டோவுக்குப் பட்டியல் வேண்டும். ஒரு குழுவைக் கூப்பிட்டு, நிற்கவைத்து, எடுத்து முடிக்க மூன்று நிமிடமாவது ஆகும். இருபது குழு என்றால் ஒரு மணி நேரம் போய்விடும். பெரிய குழுவை முதலில் எடுத்துவிட்டு, முதியவர்களையும் குழந்தைகளையும் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். இரண்டு வீட்டிலிருந்தும் முகம் தெரிந்த, குரல் எடுத்துக் கூப்பிடக்கூடிய ஒவ்வொருவர் என் பக்கத்தில் நின்றால் வேலை பாதியாகிவிடும். யார் சித்தி, யார் கல்லூரித் தோழி என்பது எனக்கு எப்படித் தெரியும்? வரிசைகளையும் நெருக்கமாக நிற்கவைப்பேன். ஃப்ளாஷிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் நிற்பவர் மேல் கால்வாசி வெளிச்சம்தான் விழும். பின்வரிசைப் பெரியவர்கள் இருட்டில் நிற்பது அதனால்தான்.

பட்டியலில் எழுதாத விஷயங்களும் உண்டு. பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்களா, யாரையாவது சமீபத்தில் இழந்திருக்கிறார்களா, நெடுநேரம் நிற்க முடியாதவர் இருக்கிறாரா என்று முன்பே தனியாகக் கேட்டுவிடுவேன். ஒரு மணமகள், தன் தாத்தாவுக்கு இடது காது கேட்காது என்று சொல்லியிருந்தாள். அவளை அவருடைய வலது பக்கம் நிற்கவைத்தேன். கேமராவைப் பார்க்கச் சொல்லவில்லை, அவரிடம் ஏதாவது பேசம்மா என்றேன். அவள் குனிந்து என்னவோ சொல்ல, அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்த வீட்டில் பெரிதாக்கி மாட்டியது அந்தப் படத்தைத்தான்.

விருந்தினர் கையிலுள்ள போன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முக்கியமான கணத்துக்கு மட்டும் போனை இறக்கி வைக்கும்படி வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். நான் சொன்னால் எடுபடாது. போட்டோ எடுப்பவர்களுக்கு மணமக்கள் சாப்பிடும் நேரத்திலேயே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். வாயில் உணவோடு இருக்கும் படம் யாருக்கும் வேண்டாம், அதனால் அந்த நேரத்தில் எதுவும் விட்டுப்போகாது. படங்கள் ஒரே சமயத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிகிறதா என்றும் தயங்காமல் கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான் அது.

நேரப் பட்டியல் தயாரானதும் மணமக்களுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. மேக்கப் செய்பவர், லைட்டிங்காரர், மண்டப மேலாளர், குரூப்புக்கு ஆள் கூப்பிடப்போகிற அந்த இருவர் எல்லோருக்கும் அதே பட்டியல் போக வேண்டும். அன்றைக்கு மணி பார்ப்பது எங்கள் வேலை, மணமக்களுக்கு அது வேண்டாம்.