கண்ட்ரோல் சி-க்கு மசியாத நிரல்

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலையில் காற்றின் வேகத்தைப் பதிவு செய்ய எங்கள் நிரல் ஒன்று ஓடுகிறது. மேலே பைதான், அடியில் சீரியல் கேபிளை வாசிக்கும் ஒரு சி லைப்ரரி. நாகர்கோவில் அலுவலகத்தில் கண்ட்ரோல் சி அடித்தால் உடனே நிற்கும். அங்கே கொண்டுபோய் மாட்டினால், நிறுத்தச் சொல்லி 90 வினாடி கழித்துத்தான் சாகும். கடைசியாக வாசித்த எண்கள் கோப்பில் இருக்காது.

அந்த 90தான் துப்பு. லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, முதலில் 'முடித்துக்கொள்' என்னும் சிக்னலான சிக்டெர்மை அனுப்பும். நாம் வேறு நேரம் குறிக்காவிட்டால் 90 வினாடி பொறுக்கும். அப்புறம் ஒரேயடியாகக் கொல்லும் சிக்கில், அதை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. அப்படியென்றால் சிக்டெர்மை இடையில் யாரோ விழுங்குகிறார்கள்.

விழுங்கியது எங்கள் சி லைப்ரரிதான். சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று பைதானில் நாம் எழுதும் ஹேண்ட்லர், அது வந்த கணமே ஓடிவிடாது. உள்ளே இருக்கும் சி ஹேண்ட்லர் ஒரு கொடியை உயர்த்திவிட்டுப் போய்விடும். மெயின் த்ரெட் அடுத்த பைட்கோடுக்கு, அதாவது பைதானின் அடுத்த சிறு கட்டளைக்கு, வரும்போதுதான் நம்முடையது ஓடும். எங்கள் சி லூப்போ, ரீட் பாதியில் முறிந்து, 'சிக்னல் குறுக்கிட்டது' என்னும் ஈ-இன்டர் பிழையோடு திரும்பினால், 'சரி, மறுபடி வாசி' என்று உள்ளுக்குள்ளேயே சுற்றியது. அலுவலகத்தில் போலி சென்சார் வினாடிக்கு ஒரு எண் தந்ததால் பைதானுக்குத் திரும்ப வழி கிடைத்தது. அங்கே சென்சார் வாயடைத்துப் போனால் வழியே இல்லை.

திருத்துவதற்கு முன் சோதனையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கே பிடித்தது சனி. ஷெல் ஸ்கிரிப்டில் ஆம்பர்சண்ட் போட்டு நிரலைப் பின்னணியில் ஓடவிட்டு, கண்ட்ரோல் சி அனுப்பும் அதே சிக்னலான சிக்இன்ட்டை அனுப்பினால் அசையவே இல்லை. சி-யே இல்லாத வெறும் பைதான் லூப்பும் அசையவில்லை! அரை நாள் போனது. கட்டன் சாயாவோடு வந்த தக்கலை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, ப்ராக்குக்குள்ள ஸ்டேட்டஸ் பாத்தியா?" என்றார். ஓடும் நிரலின் நிலையை லினக்ஸ் காட்டும் கோப்பு அது. பார்த்தால், பிடிக்கும் சிக்னல்களின் வரியில் இருக்க வேண்டிய 2, புறக்கணிக்கும் சிக்னல்களின் வரியில் 1001006 என்பதன் கடைசி 6-க்குள் உட்கார்ந்திருக்கிறது (சிக்இன்ட்டின் 2, சிக்குவிட்டின் 4). ஸ்கிரிப்டில் ஓடும் ஷெல், பின்னணிக்குத் தள்ளும் நிரலை சிக்இன்ட், சிக்குவிட் இரண்டுக்கும் காதடைத்துத்தான் அனுப்பும். அடைத்திருப்பதைக் கண்டால் பைதானும் தன் வழக்கமான ஹேண்ட்லரைப் போடாது. ஷெல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, பைதானிலிருந்தே சப்பிராசஸ் வழியாக நிரலைக் கிளப்பி சிக்டெர்ம் அனுப்பினேன்.

அடுத்து நேரக் கணக்கு. ஒரு வினாடி தூங்கிவிட்டு சிக்னல் அனுப்பினால், என் பழைய லேப்டாப்பில் சில நேரம் ஹேண்ட்லர் போடுவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்துவிடும். நிரல் மைனஸ் 15 (சிக்டெர்மின் எண் 15) என்று செத்துக் கிடக்கும். தூக்கத்தை எடுத்துவிட்டு, சி ஃபங்ஷன் ரீடுக்குள் நுழையும் முன் சோதனை வாசிக்கும் ஒரு பைப்பில் ஒரு பைட் எழுதும்படி வைத்தேன். அது வந்த பிறகே சிக்னல்.

ஈ-இன்டர் வந்தால், காத்திருக்கும் ஹேண்ட்லர்களை ஓட்டும் பைஎர்-செக்சிக்னல்ஸைக் கூப்பிடும்படி சி-யைத் திருத்தியதும் சோதனை பச்சை காட்டியது. ஆசைக்கு 500 தடவை ஓட்டினேன். மூன்று தடவை தொங்கியது. சோதனையில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். இல்லை, நிரலிலேயே ஓட்டை. பைட் எழுதியதற்கும் ரீடுக்குள் நுழைவதற்கும் இடையிலுள்ள இம்மியில் சிக்னல் வந்தால் கொடி உயரும், ஆனால் முறிப்பதற்கு ரீட் இன்னும் தொடங்கியிருக்காது. அப்புறம் அது உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். செட்-வேக்கப்-எஃப்டி என்று பைதானில் ஒன்று உண்டு. சிக்னல் வந்ததும் அதன் எண்ணை நாம் கொடுத்த பைப்பில் எழுதிவிடும். சீரியலையும் அந்தப் பைப்பையும் சேர்த்து, எதில் தகவல் வந்தாலும் எழுப்பிவிடும் 'போல்' (poll) அழைப்பில் காத்திருக்க வைத்தேன். 500க்கு 500.

இப்போது ஒரு வினாடிக்குள் கோப்பை மூடிவிட்டு இறங்குகிறது. சி வேலையைத் தனி த்ரெட்டுக்கு மாற்றலாமே என்கிறார் அண்ணன். ஹேண்ட்லர் மெயின் த்ரெட்டில்தான் ஓடும், சி ஓடும் த்ரெட்டை எழுப்பத் தனி ஏற்பாடு வேண்டும், சோதனையையும் திரும்ப எழுதணும். ஆடிக்காற்று அடங்கட்டும் அண்ணே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.