முட்டிவலியும் ஜில்லென்ற ஜெல்லும்

வலது முட்டியில் தேய்மானம் என்றதும் எனக்குப் பிடித்துப்போனது அல்ட்ராசவுண்ட் சிகிச்சைதான். சும்மா படுத்திருந்தால் போதும். ஜில்லென்று ஜெல் தடவி, கருவியின் தலையை முட்டியைச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருப்பார் பிசியோதெரபிஸ்ட். ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே சூடு ஏறிவிடுமாம். 1 மெகாஹெர்ட்ஸ் ஒலி, காதுக்குக் கேட்காது. இதமாகத்தான் இருந்தது. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை அது திரும்ப வளர்க்காது, முக்கிய வைத்தியம் பயிற்சிதான் என்று அவரே சொல்லிவிட்டார்.

சரி, பயிற்சி. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலை ஒரு அடி உயர்த்தி 5 விநாடி நிறுத்த வேண்டும். பார்க்க அற்பம், ஆறாவது தடவையிலேயே தொடை நடுங்கியது. முன்தொடைத் தசை வலுத்தால் மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும். முதல் வாரம் பாதி நாள் ஏமாற்றினேன். இரண்டு மாதம் கழித்து, கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கினேன்.